அர்வென் புயலின்போது எங்கள் கதவைத் தட்டியவர்களுக்கு நன்றி

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரியவர்களே,

வணக்கம். கடந்த ஆண்டு, 2021 நவம்பர் 26 ஆம் நாள் இரவு வட பிரிட்டனைத் தாக்கிய அர்வென் புயலால், ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் பாங்கரிக்கு மேற்கே வயல்களுக்கு நடுவில் தனித்திருக்கும் எங்கள் வீடு மின்சாரமும் தண்ணீரும் தொலைபேசியும் இழந்து கிடந்தபோது எங்களைத் தேடி வந்தவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றியை இம்மடல் வழியே தெரிவித்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் எழுதிய மடலை ஊர் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. அந்த நாட்களில் எங்களிடமிருந்து ஒரு செய்தியும் வராமல் பட்டுக்கோட்டையிலும் சென்னையிலும் தவித்துக் கிடந்த உறவினர்களுக்கும், அபர்டீன் நகரில் இருந்துகொண்டு எங்களைத் தாங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கும், எங்களை யார் காப்பாற்றினார்கள் என்பது முழுமையாகத் தெரிய வேண்டும். உதவியவர்களில் பலர் தங்கள் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அவரவர் செய்த செயலைச் சொல்லியே நன்றி கூறுகிறேன்.

குளிர்காலக் காற்று இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. ஆனால் அர்வென் வந்த திசை வேறு. இங்கே வழக்கமாகத் தென்மேற்கிலிருந்துதான் பெருங்காற்று வீசும். மரங்களின் வேர்களும் அதற்கு ஈடுகொடுத்தே பிடித்து நிற்கும். அன்று தாழ்வழுத்தம் வடகடல் வழியாகத் தெற்கு நோக்கி இறங்கியதால், காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து அந்த மரங்களை எதிர்ப்பக்கமாகத் தள்ளியது. வானிலை அலுவலகம் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரைக்கும் இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரைக்கும் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணி முதல் சனிக்கிழமை அதிகாலை 2 மணி வரை சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தது. நார்தம்பர்லாந்தின் பிரிஸ்லி வுட்டில் மணிக்கு 98 மைல், அதாவது ஏறத்தாழ 158 கிலோமீட்டர் வேகம் பதிவாயிற்று. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஊசியிலைத் தோப்பு அந்த ஓர் இரவில் படுத்துவிட்டது. அர்வெனும் அந்தக் குளிர்காலத்தில் அதைத் தொடர்ந்து வந்த புயல்களுமாகச் சேர்ந்து ஸ்காட்லாந்தில் சாய்த்த மரங்கள் ஒன்றரைக் கோடிக்கு மேல் என்று பின்னர் மதிப்பிட்டார்கள்.

முதல் நன்றி வீட்டுக்குள் இருந்தவருக்கே உரியது. என் மாமியார், நாங்கள் அத்தை என்று அழைப்பவர், 2018 நவம்பரில் கஜா புயலைப் பட்டுக்கோட்டைக்கு அருகில் சொந்த வீட்டில் இருந்து கடந்தவர். எச்சரிக்கையின் நிறத்தை நான் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “கரண்டு போனா தண்ணி வருமா, சாந்தி?” வராது. எங்களுக்குத் தண்ணீர் தருவது வீட்டுக்குரிய ஆழ்துளைக் கிணறு. அதன் பம்பு மின்சாரத்தில் ஓடுவது. இப்பகுதியில் எத்தனையோ வீடுகளின் நிலை இதுதான். அன்று நண்பகலுக்குள் குளியல் தொட்டி முதல் இட்லிப் பானை வரை எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பி வைத்தவர் அவர். என் கணவர் வடகடலில் எண்ணெய் மேடைப் பணியில் இருந்தார். ஹெலிகாப்டர் பறக்க வழியில்லாத வானிலை. இரண்டு குழந்தைகளோடு நான் தனியாக இருந்த அந்த வீட்டில் அத்தையின் அனுபவம்தான் முதல் துணை.

மின்சாரம் போவது என்றால் இங்கே விளக்கு அணைவது மட்டுமல்ல என்பதை உறவினர்களுக்குச் சொல்ல வேண்டும். வீட்டைச் சூடாக்கும் பாய்லர் எண்ணெயில் எரிந்தாலும் அதை இயக்குவது மின்சாரம். வீட்டுத் தொலைபேசி இணைய இணைப்பில் ஓடுவதால் அதுவும் போயிற்று. கைபேசிக் கோபுரங்களில் இருக்கும் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு கைபேசியும் வெறும் கண்ணாடித் துண்டுதான். நவம்பர் கடைசியில் இங்கே மூன்றரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும்; மறுநாள் எட்டு மணிக்குப் பிறகுதான் எழும். புயல் ஓய்ந்த பின் பனியும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போன குளிரும் வந்தன. நீங்கள் அழைத்தும் நாங்கள் எடுக்காமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

இனி, எங்களுக்கு அடுத்த பண்ணையை நடத்தும் பெரியவருக்கும் அவருடைய மனைவிக்கும்.

ஐயா, சனிக்கிழமை காலை வெளிச்சம் வந்ததும் உங்கள் டிராக்டரின் ஓசையைத்தான் நாங்கள் முதலில் கேட்டோம். எங்கள் வீட்டுக்கு வரும் ஒற்றைத் தடத்தின் குறுக்கே பெரிய பீச் (beech) மரங்கள் விழுந்து கிடந்தன. நீங்களும் உங்கள் மகனும் மோட்டார் ரம்பத்தால் அவற்றைத் துண்டு துண்டாக அறுத்து, ஓரமாகத் தள்ளி, தடத்தைத் திறந்துகொண்டே வந்தீர்கள். அறுந்து தொங்கிய மின்கம்பியைக் கண்ட இடத்தில் வேலையை நிறுத்தி, அதில் மின்சாரம் இருக்கக்கூடும் என்றே கொள்ள வேண்டும் என்று சொல்லிக் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதபடி கயிறு கட்டி வைத்தீர்கள். உங்கள் கொட்டகையின் கூரைத் தகடுகள் அந்த இரவில் பறந்து போயிருந்தன என்பதும், உங்கள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டவே ஜெனரேட்டரை மணிக்கணக்கில் ஓட்ட வேண்டியிருந்தது என்பதும் எங்களுக்குப் பின்னர்தான் தெரிந்தன. உங்கள் துன்பத்தைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. “வீட்டில் யாருக்காவது மருந்து வேண்டுமா?” என்று கேட்டீர்கள், அத்தைக்குச் சர்க்கரை நோய் இருப்பதை அறிந்ததும், அவரை அன்றே உங்கள் வீட்டுச் சமையலறைக்கு அழைத்துப் போனீர்கள்.

அம்மா, உங்கள் சமையலறையில் விறகில் எரியும் அந்தப் பழைய இரும்பு அடுப்புதான் அந்த நாட்களில் எங்கள் எல்லோருக்கும் வீடு. அத்தைக்கு ஆங்கிலம் வராது. உங்களுக்குத் தமிழ் வராது. ஆனாலும் இருவரும் ஒருவர் கையில் இருந்த கத்தியை மற்றவர் வாங்கிக் காய் நறுக்கினீர்கள். ஓட்ஸ் கஞ்சியில் அவர் உப்பும் சீரகமும் சேர்த்ததை நீங்கள் இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். அவருக்கு ஊசி போடும் நேரத்துக்கு முன் உணவு தயாராக இருக்க வேண்டும் என்பதை நான் ஒரு முறைதான் சொன்னேன். அதன் பிறகு ஒரு வேளையும் தவறவில்லை. நான் செவிலியர், நோயாளியின் நேரத்தைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தவள். நீங்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதைச் செய்தீர்கள்.

ஊர் மன்றத்தைத் திறந்து வைத்த தன்னார்வலர்களுக்கு எங்கள் நன்றி. சூப்பும் ரொட்டியும் கொடுத்தீர்கள், கைபேசிகளுக்கு மின்னேற்றிக் கொடுத்தீர்கள். அவற்றைவிடப் பெரிது நீங்கள் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் எழுதிய பட்டியல். சுற்றுவட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு வீட்டையும் எழுதி, யார் போய்ப் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள், அங்கே முதியவர் உண்டா, கைக்குழந்தை உண்டா, விறகு அடுப்பு உண்டா என்று குறித்து, அன்று யாரும் பார்க்காத வீடு ஒன்றுகூட இல்லாதபடி இருட்டுவதற்குள் ஆள் அனுப்பினீர்கள். உதவி தேவைப்படுவோர் தொலைபேசியில் அழைக்கலாம் என்ற அறிவிப்பு தொலைபேசி இல்லாதவர்களுக்குப் பயன்படாது என்பதை நீங்கள் முதல் நாளே உணர்ந்திருந்தீர்கள். அத்தனை பேரையும் காத்தது அந்த உணர்வுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பட்டியலைப் பொறுப்பேற்று நடத்திய, ஓய்வு பெற்ற மாவட்டச் செவிலியரான அம்மையாருக்கு, அதே தொழிலில் இருக்கும் இளையவளாக என் தனி வணக்கம். பனி உறைந்த தடத்தில் கைவிளக்கோடு நடந்து வந்து எங்கள் கதவைத் தட்டி, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு பற்றி எச்சரித்து, வெளியே சமைக்கும் கேஸ் அடுப்பை வீட்டுக்குள் பற்ற வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர்.

மின்கம்பிகளைச் சீரமைத்த லைன்மேன்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் அவர்களுள் பெரும்பாலோரின் முகத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. இந்தப் பகுதியில் மின்சாரம் மரக்கம்பங்களின் மீது, காடுகளின் ஓரமாகவும் ஊடாகவும் வருகிறது. ஒரு மரம் விழுந்தால் கம்பி அறும். ஒரு தோப்பே விழுந்தால் கம்பங்கள் வரிசையாக ஒடியும். பழுது எங்கே என்று கண்டறிவதற்கே, சாய்ந்து கிடக்கும் மரங்களுக்கு மேலேறியும் கீழே நுழைந்தும் கம்பியைத் தொடர்ந்து கால்நடையாகப் போக வேண்டும். ஓரிடத்தைச் சரிசெய்து மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தால்தான் அதற்கு அப்பால் இன்னோர் இடத்தில் பழுது இருப்பது தெரியவரும். ஒன்றின் மேல் ஒன்றாக வளைந்து முறுக்கேறிக் கிடக்கும் மரங்களை அறுப்பது, எந்த நொடியில் எந்தக் கிளை தெறிக்கும் என்று தெரியாத வேலை. பகல் வெளிச்சம் ஏழு மணி நேரம்தான். உள்ளூர்ப் பணியாளர்கள் பலருடைய சொந்த வீடுகளிலேயே மின்சாரம் இல்லை. அவர்கள் தங்கள் குடும்பத்தை இருட்டில் விட்டுவிட்டு எங்கள் கம்பத்தில் ஏறினார்கள். இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்தும் குழுக்கள் வடக்கு நோக்கி வந்தன. பிரிட்டன் முழுவதும் ஏறத்தாழ 10 லட்சம் வீடுகள் அந்தப் புயலில் மின்சாரம் இழந்தன. 40,000 க்கும் மேற்பட்டவற்றில் மூன்று நாட்களைத் தாண்டியும், ஏறத்தாழ 4,000 வீடுகளில் ஒரு வாரத்தைத் தாண்டியும் மின்சாரம் வரவில்லை என்று மின்துறை ஒழுங்குமுறை அமைப்பின் அறிக்கை இந்த ஆண்டு கூறிற்று. அந்தக் கடைசி வீடுகள் பெரும்பாலும் எங்களுடையது போல, கம்பியின் கோடியில் இருந்தவை. ஒரே ஒரு வீட்டுக்காக ஒரு மலைச்சரிவைக் கடந்து வந்த மனிதர்களே, நன்றி.

மின் நிறுவனத்தின் தொலைபேசி உதவிச் சேவையில் இருந்த ஒரு பெண்மணிக்கும் நன்றி சொல்ல வேண்டும். மின்சாரம் இன்று மாலை வரும், நாளை மாலை வரும் என்று மாறி மாறிச் செய்தி வந்துகொண்டிருந்தது. அதை நம்பி வீட்டிலேயே காத்திருந்தவர்கள் குளிரில் மிகவும் வருந்தினார்கள். ஊர் மன்றத்திலிருந்து நான் அழைத்தபோது அந்தப் பெண்மணி, எப்போது வரும் என்று தனக்குத் தெரியாது என்றும், குழந்தைகளை அன்றே சூடான ஓர் இடத்துக்கு அழைத்துப் போய்விடுங்கள் என்றும் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள பேச்சு அதுதான்.

அவர் சொன்னபடி பெருஞ்சாலை திறந்ததும் அபர்டீன் நகருக்குச் சென்றோம். இரண்டு அறை வீட்டில் எங்கள் நால்வரையும் ஏற்றுக்கொண்ட தமிழ்க் குடும்பமே, அத்தை வாசலிலேயே அழுததை நீங்கள் பார்த்தீர்கள். சுடுசோறும் ரசமும் கண்டதும் அவர் சிரித்ததையும் பார்த்தீர்கள். சாந்தி அக்கா வரும்வரை பார்த்துக்கொள்கிறேன் என்று என் பணிமுறைகளைத் தாமாகவே எடுத்துச் செய்த தங்கை, உன் கடனை நான் தீர்த்துவிட முடியாது. ஊரில் உள்ள உறவினர்களுக்கு எங்கள் நலத்தை முதலில் தெரிவித்ததும் நீங்கள்தான்.

நகராட்சி ஊழியர்களுக்கும், உணவு வண்டிகளை ஓட்டி வந்தவர்களுக்கும், ஒரு வாரம் நெருங்கும் வேளையில் வீடு வீடாகச் சென்று நலம் விசாரித்த படைவீரர்களுக்கும் எங்கள் நன்றி உரியது.

அந்தப் புயலில் மரங்கள் விழுந்து மூவர் உயிரிழந்தார்கள்: வட அயர்லாந்தின் ஆன்ட்ரிமில் ஒருவர், கம்ப்ரியாவின் ஆம்பிள்சைடில் ஒருவர், எங்கள் அபர்டீன்ஷயரிலேயே ஒருவர். அவர்களுடைய குடும்பத்தாரின் துயரத்தை மறந்துவிட்டு எங்கள் மகிழ்ச்சியை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஆண்டு ஜனவரி இறுதியில் மாலிக், கோரி என்ற இரு புயல்கள் அடுத்தடுத்த நாட்களில் வந்தபோது, அந்த நோட்டுப் புத்தகம் மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது அதில் நாங்கள் போய்ப் பார்க்க வேண்டிய வீடுகளின் பெயரும் எங்கள் பெயருக்கு எதிரே எழுதப்பட்டிருக்கிறது. என் கணவர் ஊரில் இருக்கும்போது அவரும், இல்லாதபோது நானும் போகிறோம்.

வரும் நவம்பர் 26 சனிக்கிழமை நண்பகல் ஊர் மன்றத்தில் எங்கள் குடும்பமும் அபர்டீன் நண்பர்களும் சேர்ந்து சமைக்கிறோம். சாம்பாரும் கோழிக்குழம்பும் இருக்கும். காரம் வேண்டாதவர்களுக்குத் தனியாகவும், பண்ணை அம்மா விரும்பும் சீரகக் கஞ்சியும் அத்தையின் கையால் இருக்கும். பண்ணைக் குடும்பத்தார், தன்னார்வலர்கள், எங்கள் பகுதிக் கம்பிகளில் பணியாற்றிய லைன்மேன்கள், அவர்களுடைய வீட்டார் அனைவரையும் அழைக்கிறோம். நடக்க இயலாதவர்கள் மன்றத்தில் சொல்லி வைத்தால் வண்டியோடு நாங்களே வந்து அழைத்துச் செல்கிறோம்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
சாந்தியும் குடும்பத்தாரும்
அபர்டீன்ஷயர், நவம்பர் 2022