குடாவில படகு விட முதல்

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சது. வீட்டில எல்லாரும் சுகம், அம்மாவுக்கு முழங்கால்தான் கரைச்சல். பெரியண்ணை இன்னும் அதே சைக்கிள்.

படகு வாங்கியாச்சு, தங்கச்சியும் நானுமாக் கொட்டியாரக்குடாவைச் சுத்தப் போறம் எண்டு எழுதியிருக்கிறாய். கொப்பியெல்லாம் கப்பல் கீறினவனுக்கு இப்பதான் கப்பல் கிடைச்சிருக்கு! சந்தோசம்டா. ஆனா "நான் ஓட்டுவன், அவ இருந்து பாப்பா" எண்டதுதான் எனக்குப் பிடிக்கேல்லை. நீ தண்ணிக்குள்ள விழுந்தா அந்தப் படகை ஆர் திருப்புறது? தங்கச்சிக்கு முதல் நாளே எல்லாம் பழக்கு.

எஞ்சினை நிப்பாட்டுற சுருள் கயிறு ஓட்டுறவரின்ர மணிக்கட்டில இருக்கவேணும். விழுந்தா அந்தக் கயித்தின்ர மற்றத் தலைப்பில எஞ்சினோட மாட்டியிருக்கிற கொளுவி கழண்டு எஞ்சின் நிக்கும். ஆனா கொளுவியும் அவரோட தண்ணிக்குள்ள போயிடும், அது இல்லாம எஞ்சின் திரும்ப எடுபடாது. அதால இன்னொரு கொளுவி வாங்கித் தங்கச்சியின்ர உயிர்காப்பு அங்கியில கட்டிவிடு. ஆரும் விழுந்தா, பிடிச்சு மிதக்க மூடி இறுக்கின வெறுங்கலனை முதல்ல எறிஞ்சு, விழுந்தவரில வச்ச கண்ணை எடுக்காம, காத்துக்கு முகங்குடுத்து மெதுவா வரவேணும். கை எட்டின உடன எஞ்சினை முழுசா நிப்பாட்டிப்போட்டுத்தான் தூக்கவேணும். புறொப்பெல்லர் காலை வெட்டினா ஒண்டும் செய்யேலாது.

அடுத்தது நங்கூரம். கச்சான், அதுதான் தென்மேல் காத்து, கரையிலயிருந்து கடலுக்குத் தள்ளும். எஞ்சின் நிண்டா நீ மூடியைக் கழட்டிப் பாத்துக்கொண்டிருக்கிற நேரத்தில படகு வெளியால போயிடும். குடாவின்ர நடுவும் வாயும் பெரிய ஆழம், அங்க உன்ர கயிறு நிலத்தைத் தொடாது. நிலம் எட்டுற இடத்திலயே, எஞ்சின் நிண்ட கையோட, தங்கச்சி நங்கூரத்தைப் போட்டிடவேணும். முன்னணியத்தாலதான் போடவேணும், பின்னால கட்டினா அலை ஏறிப் படகு தாழும். பாகம் எண்டது ஆறடி; ரெண்டு பாகத் தண்ணிக்குப் பத்துப் பாகம் கயிறு, ராத்தங்கினா பதினாலு. நங்கூரத்துக்கும் கயிறுக்கும் இடையில மூண்டு நாலு மீற்றர் சங்கிலி போடு. கயிறு சரிவாக் கிடந்தாத்தான் நங்கூரம் மண்ணைக் கவ்வும், கட்டையா விட்டா ஒவ்வொரு அலையும் அதைப் பிடுங்கும். போட்ட பிறகு கரையில ஒரு பனையையும் அதுக்குப் பின்னால ஒரு கூரையையும் நேராப் பிடிச்சுப் பார். அந்த ரெண்டும் விலகினா நங்கூரம் இழுபடுது.

எஞ்சின் சத்தத்தில கத்தினா ஒண்டும் கேக்காது, சண்டைதான் வரும். கைச் சைகையைக் கரையிலயே பேசி வையுங்கோ.

மகாவலி வாயில மணல்திட்டு இடம் மாறும், மழைக்குப் பிறகு மரக்கட்டையும் மிதக்கும். எஞ்சினைக் குளிராக்கிப் பின்னால பீச்சுற தண்ணி நிண்டா உடன நிப்பாட்டு. அனேகமாப் பொலித்தீன் பை தண்ணி உறிஞ்சுற ஓட்டையை மூடியிருக்கும். பெற்றோலில மூண்டில ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, மிச்சத்தைத் தொடாதே. பெற்றோலோட ஒயில் கலக்கிற எஞ்சின் எண்டா, கலவை 50க்கு 1 எண்டால் 25 லீற்றர் பெற்றோலுக்கு அரை லீற்றர் ஒயில்.

கிண்ணியாப் பாலத்துக்குக் கீழ நீரோட்டம் இழுக்கும், வலை மிதப்பும் கிடக்கும், மெல்லப் போ. உள்துறைமுகம் கடற்படை இடம், அனுமதி இல்லாம அந்தப் பக்கம் திருப்பாதே. வாடை தொடங்கினா படகைக் கரையேத்திப்போடு.

படகின்ர நீளத்தையும் எஞ்சின் எத்தனை குதிரைவலு எண்டதையும் எழுது. அதுக்கேத்த நங்கூர நிறையைப் பாத்துச் சொல்லுறன். பதில் வாற வரைக்கும் வெளிக்கிடாதையுங்கோ.

அன்புடன்,
உன்ர மச்சான்