தை மாதக் கணக்கை வைத்து எங்கள் சேவை நிலையத்தை மூடாதீர்கள்

படகு எஞ்சின் நிறுவனத்தின் பணிப்பாளர் சபையினருக்கு,

வணக்கம். திருகோணமலைச் சேவை நிலையத்தைச் சித்திரையோடு மூடப்போவதாக நீங்கள் அனுப்பிய கடிதம் எங்கள் படகு உதிரிப்பாகக் கடைக்கும் வந்தது. கள ஆய்வில் போதிய தேவை தெரியவில்லை என்று காரணம் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆய்வு நடந்த விதத்தை நான் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் இந்த மடல்.

உங்கள் ஆட்கள் வந்தது தை மாதம். வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. திருக்கடலூரிலும் சல்லியிலும் நிலாவெளியிலும் பைபர் படகுகள் கரையேறிக் கிடந்தன. எஞ்சின்களைக் கழற்றி வீட்டுக்குள் சாக்கால் மூடி வைத்திருந்தார்கள். என் கடை வாசலில் இருந்த, சொந்தப் படகு வைத்திருக்கும் வயதான சம்மாட்டி ஒருவரிடம், கையில் டப்லட்டோடு வந்த தம்பி கேட்டார்: “கடந்த 30 நாட்களில் எஞ்சினை எத்தனை தரம் திருத்தினீர்கள்?”

“ஒருக்காலும் இல்லைத் தம்பி. கடலுக்குப் போனால்தானே?”

திரையில் இலக்கம் போட மட்டும்தான் கட்டம் இருந்தது. தம்பி பூச்சியத்தை அமர்த்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். சம்மாட்டி சொன்னதில் முதல் பாதிதான் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தம்பியில் பிழை இல்லை. 30 நாள் என்ற கேள்வியை எழுதியவரும், அதைத் தையில் கேட்கச் சொன்னவரும்தான் பதில் சொல்லவேண்டும்.

இந்தக் கரையில் தொழில் நடப்பது சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை. மேற்குக் கரையில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடித்துக் கடல் குழம்பும்போது இங்கே கடல் படுத்துவிடும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துப் படகுகளும் வந்து, தங்கக் குடிசை கட்டி வாடி போடும். அந்த மாதங்களில் எஞ்சின் ஓயாது. கரையோரத்து மணலை இழுத்து, எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் இம்பெல்லர் தேயும், எஞ்சின் சூடேறி நடுக்கடலில் நிற்கும். நிலையத்தைத் தேடி ஆட்கள் வருவது அப்போதுதான். நீங்கள் மூடப்போவதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

போன சோளகத்தில் உங்கள் நிலையத்தில் மெக்கானிக் இல்லாமல் இருந்த ஒரு காலம் உங்களுக்கு நினைவிருக்கும். குச்சவெளிக் குடும்பம் ஒன்று எஞ்சினை லொறியில் ஏற்றி 250 கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்புக்கு அனுப்பியது. எஞ்சின் வாங்கிய கடனுக்குத் தவணை நிற்கவில்லை. கரையில் மற்றவர்கள் பாரை இறக்கிக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு அக்கா என் கடைக்கு வந்து வாடகைக்கு ஒரு பழைய எஞ்சின் கிடைக்குமா என்று கேட்டார். காதில் தோடு இல்லை. அது எங்கே போனதென்று நான் கேட்கவில்லை.

ஆகவே கேட்கிறேன்: ஆய்வை மறுபடி செய்யுங்கள். வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் செய்யுங்கள். அதுவரை நிலையத்தை மூடாதீர்கள்.

இது புதுமையான யோசனை இல்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2016இலும் 2019இலும் குடும்பங்களின் வருமானத்தையும் செலவையும் ஆராய்ந்தபோது, களவேலையை 12 மாதங்களுக்கும் பரப்பியது. பருவத்துக்குப் பருவம் வருமானமும் செலவும் மாறும் என்பதே காரணம். நாடு முழுவதற்கும் அது முடியுமென்றால் ஒரு கடற்கரைக்கு முடியாதா? படகுகள் எல்லாம் கடற்றொழில் திணைக்களத்தில் பதிவாகின்றன. எந்தக் கரையில் எத்தனை எஞ்சின் படகு என்று முதலில் அங்கே விசாரித்திருக்கலாம். தார் றோட்டோரம் அகப்பட்டவர்களை மட்டும் கேட்டதில் மூதூரும் சம்பூரும் விடுபட்டுப் போயின.

உங்கள் விற்பனைப் பதிவையும் அப்படியே நம்பவேண்டாம். உங்கள் கணினியில் என் கடை ஒரு வாடிக்கையாளராகத்தான் தெரியும். என் கடன் கொப்பியைப் புரட்டினால் கிண்ணியா முதல் குச்சவெளி வரை பெயர்கள் இருக்கின்றன. ஆள் அனுப்பினால் கொப்பியைக் காட்டுகிறேன்.

2004 சுனாமிக்குப் பிறகும், 2009இல் யுத்தம் முடிந்த பிறகும் படிவத்தோடு இங்கே வராதவர்கள் இல்லை. வங்கி வந்தது, தொலைபேசிக் கம்பனி வந்தது, தொண்டு நிறுவனங்கள் வந்தன. நாங்களும் தேத்தண்ணீர் கொடுத்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம். என்ன கண்டுபிடித்தோம் என்று திரும்பி வந்து சொன்னவர்களை நான் காணவில்லை. 2012 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் பத்துப் பேரில் ஏழு பேர் தமிழரும் முஸ்லிம்களும். அப்படியிருந்தும் உங்கள் டப்லட்டில் கேள்விகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. எங்களைக் கேட்காமலே முடிவெடுத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கேட்டதாகச் சொல்லி மூடுகிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். தயவுசெய்து சோளகத்தில் வாருங்கள். தமிழில் கேளுங்கள். “போன பருவத்தில் எத்தனை தரம் எஞ்சின் நின்றது, எத்தனை நாள் தொழில் போனது” என்று கேளுங்கள். சொன்ன காரணத்தையும் எழுத ஓர் இடம் விடுங்கள். ஒவ்வொரு கரையிலும் கடற்றொழிலாளர் சங்கத்தாரோடு பேசி ஆட்களைக் கூட்டித்தர நானும் வருகிறேன். அந்த முடிவு வரும்வரை நிலையத்தைத் திறந்து வைத்திருக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருகோணமலையில் படகு உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் ஒருவன்