வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், கூட்டத்துக்கு வராமல் அறிக்கையை மட்டும் பின்னால் வாங்கிப் படிப்பவர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் குறித்த நாளில் நடந்தன. நூலக அலமாரி பழுது பார்க்கப்பட்டது. புதிதாகச் சிலர் சேர்ந்தார்கள், சிலர் நின்றுகொண்டார்கள்.

அப்புறம், 'போராட்டமும் பொதுமக்களும்' என்ற தொடர் அமர்வு. பெரும்பகுதி, அமெரிக்கக் கறுப்பினத்தவர் 1960-களில் நடத்திய சம உரிமைப் போராட்டம் பற்றியது. என் யோசனை என்பதற்காக இதை நீட்டவில்லை. செயற்குழுவில் எழுந்த ஆட்சேபம் குறிப்பேட்டில் ஏறியிருப்பதால் பதிலும் ஏற வேண்டும். "அமெரிக்கக் கறுப்பினத்தவர் போராட்டம்தான் ஜெயித்துவிட்டதே, அதில் பேச என்ன இருக்கிறது?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். ஜெயித்த பிறகு ஊரே ஆதரித்ததாகத்தான் தோன்றும். அன்றைக்கு யார் ஆதரித்தார்கள் என்பதுதானே கேள்வி?

முதல் அமர்வில், கேலப் என்ற அமெரிக்க நிறுவனம் அன்றைக்கு எடுத்த கருத்துக்கணிப்புகளை எடுத்துக்கொண்டோம். 1961-இல் இனப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பேருந்தில் தென் மாநிலங்களுக்குப் பயணம் போனார்கள். அதைக் கேள்விப்பட்டிருந்தவர்களில் 61 சதவீதம் பேர் அது சரியில்லை என்றார்கள், சரி என்றவர்கள் 22 சதவீதம். சம உரிமை கேட்டு நடந்த 1963 வாஷிங்டன் பேரணி பற்றி நல்ல அபிப்பிராயம் சொன்னவர்கள் 23 சதவீதம்தான். 1964 மே மாதம் கேட்டபோது, இப்படித் திரள் திரளாகத் தெருவில் இறங்குவது கறுப்பினத்தவரின் கோரிக்கைக்கே கெடுதல் என்று 74 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி, இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைச் சட்டம் கையெழுத்தாகிவிட்டது! போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கைப் பிடிக்காது என்று 63 சதவீதம் பேர் சொன்னது 1966-இல். அதாவது அந்தச் சட்டமும் 1965 வாக்குரிமைச் சட்டமும் வந்த பிறகு.

சட்டம் வந்தது தெருவால் அல்ல, அதிபர் ஜான்சன் நாடாளுமன்றத்தில் ஆள் பிடித்த சாமர்த்தியத்தால்தான் என்று நம் துணைத்தலைவர் வாதாடினார். அவர் சாமர்த்தியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மசோதாவைக் கொண்டுவரப் போவதாக, ஜான்சனுக்கு முன் அதிபராக இருந்த கென்னடி தொலைக்காட்சியில் அறிவித்தது 1963 ஜூன் 11-இல். அதற்கு முந்தைய மாதம்தான் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமில் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மீது தீயணைப்புக் குழாயைத் திருப்பினார்கள், நாயை ஏவினார்கள். படங்கள் உலகம் முழுக்கப் போயின. தெரு இல்லாமல் அந்த மசோதா எங்கிருந்து வந்திருக்கும்?

எனக்குப் பிடித்தது ஆல்பனி பற்றிய அமர்வு. வந்திருந்தவர்கள் மிகக் குறைவு, அதனால் மறுபடி சொல்கிறேன். ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனியில் 1961, 62-இல் பெரிய போராட்டம். காவல்துறைத் தலைவர் லாரி பிரிட்செட் கெட்டிக்காரர். கிங்கின் வழிமுறையை முன்கூட்டியே படித்துவைத்திருந்தார். வந்தவர்களைக் கேமரா முன்னால் அடிக்காமல், பதவிசாகக் கைது செய்து சுற்றுவட்டாரச் சிறைகளுக்கெல்லாம் பிரித்து அனுப்பினார். சிறை நிரம்பினால் நிர்வாகம் திணறும் என்ற கணக்கு பலிக்கவில்லை. கிங் கையில் பெரிதாக எதுவும் இல்லாமல்தான் ஊரைவிட்டுப் போனார். கோரிக்கையின் நியாயம் ஆல்பனியிலும் பர்மிங்ஹாமிலும் ஒன்றுதான். எதிரில் நின்றவர் நடந்துகொண்ட விதத்தில்தான் வித்தியாசம். 1965 மார்ச்சில் அலபாமாவின் செல்மாவில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள் மீது பாலத்தருகே தடியடி நடந்த பிறகு எடுத்த கணிப்பில் 48 சதவீதம் பேர் போராடியவர்கள் பக்கம், 21 சதவீதம் பேர்தான் அலபாமா அரசு பக்கம். போராட்டக்காரர்களைப் பிடிக்காதவர்களுக்கும், அவர்களை அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வைக்கத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டதால் அதற்கும் ஓர் அமர்வு நடந்தது. கோயில் தெருக்களில் எல்லாரும் நடக்கலாம் என்ற தீர்மானம் 1925-இல் திருவிதாங்கூர் சட்ட மன்றத்தில் 21-க்கு 22 என்று ஒரே ஓட்டில் தோற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கிழக்குப் பக்கம் மட்டும் திறக்கவில்லை. இதை வெற்றி என்பதா, பாதி என்பதா என்று அன்று விவாதம் முடியவே இல்லை. விளக்கை அணைத்துத்தான் அனுப்பினேன்.

இந்த அமர்வுகளுக்கு வராதவர்கள் யார் என்று வருகைப் பதிவேடு சொல்லும், நான் சொல்லவில்லை. செயற்குழுவினரே சிலர் அதில் இருக்கிறார்கள். "இதெல்லாம் வேண்டாத வேலை" என்று வெளியில் பேசுபவர்கள் ஒரு நாளாவது வந்து உட்கார்ந்து அதைச் சொல்லியிருக்கலாம்.

சந்தா விஷயத்துக்கு வருகிறேன். நிலுவைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதற்குப் பலர் வருத்தப்பட்டார்கள். "கேட்பது நியாயம்தான், கேட்ட விதம் சரியில்லை" என்றார்கள். 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து கிங் எழுதிய கடிதத்தில், 'குறிக்கோள் சரி, வழிதான் பிடிக்கவில்லை' என்று சொல்லும் மிதவாதிகளைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. ஆர்வமுள்ளவர்களுக்குப் படி எடுத்துத் தருகிறேன். பட்டியலை ஒட்டிய பிறகு நிலுவையில் கணிசமான பகுதி வந்து சேர்ந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வரவு செலவு ஏறக்குறைய சமமாக இருக்கிறது. விவரம் பொருளாளரிடம் உள்ளது, தணிக்கை முடிந்ததும் வைப்பார். இடம் கொடுத்தவர்களுக்கும், நாற்காலி எடுத்துப் போட்டவர்களுக்கும், தலைவர் அவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு தோற்றுப்போன போராட்டங்களைப் பற்றித் தொடர் நடத்தலாம் என்றிருக்கிறேன். 1966-இல் சிகாகோவில் வீட்டு வசதிக்காகக் கிங் நடத்திய ஊர்வலத்தில் அவர் தலையிலேயே கல் விழுந்தது. அங்கிருந்து தொடங்கலாம். நடத்துவதும் நடத்தாததும் பொதுக்குழு முடிவு. செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு யாராவது விரும்பினால் சாவியைக் கொடுத்துவிட நான் தயார். போன ஆண்டும் இதையே சொன்னேன், யாரும் கை தூக்கவில்லை. சந்தா பாக்கி உள்ளவர்கள் வெளியே போகும்போது பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகவும். ரசீதுப் புத்தகம் அவரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்