ஓரத்துச் சின்ன எழுத்தை மீண்டும் போடுங்கள்

ஜப்பான் செய்தித்தாள் சங்கத்தின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். டோக்கியோவின் நிஷிகசாயில் குடியிருக்கும் தமிழன் எழுதுகிறேன். விடியற்காலை நாலு மணிக்குப் பேப்பர்காரர் வண்டிச் சத்தம் கேட்கும். மழை நாளென்றால் பாலிதீன் உறைக்குள் நனையாமல் வந்து விழும். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என் பாடெல்லாம் உள்ளேயிருக்கும் கஞ்சி எழுத்துகளோடுதான்; சீனத்திலிருந்து வந்தவை, பார்த்தால் உச்சரிப்பு தெரியாது. எங்கள் ஊரில் கஞ்சி என்றால் குடிப்பது. உங்கள் கஞ்சி பத்து வருடமாகியும் தொண்டையில் இறங்கவில்லை.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குச் சிறுவர் நாளிதழ் வருகிறது. அதில் ஒவ்வொரு கஞ்சிக்கும் வலப்பக்கம் எறும்பு ஊர்வதுபோல ஃபுரிகானா, அதாவது உச்சரிப்பைக் காட்டும் சின்ன எழுத்து. அவள் சத்தம் போட்டு வாசிப்பாள், நான் கேட்பேன். பெரியவர்களுக்கான பேப்பரில் அது அநேகமாக இல்லை; அதை எடுத்தால் இருவருமே ஊமை.

இது உங்களுக்குப் புதிதல்ல. எடோ காலத்தில் (1603–1868) மரக்கட்டையில் அச்சடித்த செய்தித் தாளைத் தெருவில் வாசித்துக் காட்டி விற்றவர்களுக்கு 'யோமியூரி' என்று பெயர். 1874-இல் அதே பெயரில் ஒரு பத்திரிகை வந்தது. மற்ற பெரிய பத்திரிகைகள் படித்தவர்களுக்காக அரசியல் எழுதிக்கொண்டிருக்க, இது சின்ன எழுத்துகளை ஓரத்தில் போட்டு, கஞ்சி தெரியாத சாதாரண மக்களை வாசகராக்கியது. பிறகு மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள்.

1938-இல் எழுத்தாளர் யமமோதோ யூசோ ஃபுரிகானாவே வேண்டாமென்றார். 1946-இல் அரசு 1,850 கஞ்சிகளுக்குப் பட்டியல் போட்டு, ஃபுரிகானாவைப் பொதுவாகத் தவிர்க்கச் சொன்னது. அன்று அதில் நியாயம் இருந்தது: ஈய எழுத்துக் கோப்பவருக்கு அது இரட்டை வேலை. இன்று கோப்பது கணினி.

1997-இல் நாளொன்றுக்கு 5 கோடியே 37 லட்சம் பிரதிகள் விற்றீர்கள். 2023-இல் 3 கோடிகூட இல்லை. கைபேசிதான் காரணம் என்பீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அதே 2023 முடிவில் இந்நாட்டில் வெளிநாட்டவர் 34 லட்சம் பேர். பலருக்குப் பேச்சு வரும், எழுத்துதான் வராது. 1874-இன் வாசகர் மாதிரியேதான்.

முழுப் பத்திரிகைக்கும் கேட்கவில்லை. உள்ளூர்ப் பக்கம் ஒன்றுக்கு மட்டும் போடுங்கள். எங்கள் எடோகாவா வட்டத்தில் பெரும்பகுதி, கடல் ஏற்றத்தின்போது நீர் நிற்கும் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. ஒரு புயலின்போது பேப்பரில் பெரிதாக இரண்டு கஞ்சிகள். மகளுக்கும் தெரியவில்லை. கைபேசிக் கேமராவைக் காட்டியபிறகுதான் விளங்கியது: 'ஹினான்', வீட்டைவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போ.

இப்படிக்கு,
நிஷிகசாய் சந்தாதாரர் ஒருவர்