வலை வேலி அல்ல என்று பலகையில் எழுதுங்கள்

நியூ சவுத் வேல்ஸ் கடற்கரைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அமைச்சர் அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். 1937 முதல் சிட்னி கடலில் இறக்கப்படும் சுறா வலைகளின் கதை உங்களுக்குத் தெரியும். 2025 செப்டம்பரில் சிட்னியின் லாங் ரீஃப் கடற்கரை அருகே ஒருவர் சுறா தாக்கி இறந்தபின், மூன்று நகராட்சிகளில் வலையை எடுத்துப் பார்க்கவிருந்த திட்டம் நிறுத்திவைக்கப்பட்டதும் தெரியும். வலை வேண்டுமா வேண்டாமா என்ற அந்த விவாதத்தை நீங்கள் தீர்க்கும்வரை காத்திருக்க முடியாத சிறிய கோரிக்கை ஒன்று என்னுடையது: வலை எதைச் செய்யாது என்பதைக் கடற்கரை வாசலில் எழுதி வையுங்கள்.

போன மாதம், பெருமழை விட்ட மறுநாள் மாலை, எங்கள் பக்கத்துக் கடற்கரையில் ஒரு தமிழ்க் குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது. ஓடைநீர் கலந்து கடல் பழுப்பாகக் கிடந்தது. கூப்பிடு தூரத்தில் பொடிமீன் கூட்டம் துள்ள, பறவைகள் தலைகீழாகப் பாய்ந்து கொத்திக்கொண்டிருந்தன. இரண்டு பிள்ளைகளும் இடுப்பளவு நீரில். கரையேறச் சொன்னபோது அவர்களுடைய தாய், "வலை போட்டிருக்கிறார்களே அண்ணா, பயமில்லை" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அங்குள்ள பலகையில் நாய்க்கும் மதுவுக்கும் கண்ணாடிப் புட்டிக்கும் தனித்தனியே தடை எழுதியிருக்கிறது. வலை 150 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம் மட்டுமே, அதன் மேலாகவும் இரு பக்கமும் சுறா தாராளமாக நீந்திப் போகும் என்று எங்கும் இல்லை. சிக்கும் சுறாக்களில் கணிசமானவை கரைப்பக்கம் வந்துவிட்டுத் திரும்பும்போது சிக்கியவை என்பதை அந்தத் தாய்க்கு யார் சொன்னார்கள்?

சுறா மனிதனைத் தேடி வருவதில்லை. கலிபோர்னியாவில் டிரோன் வைத்துப் பார்த்தபோது, இளம் வெள்ளைச் சுறாக்கள் நீந்துவோர் அருகிலேயே அடிக்கடி திரிந்தன. அவர்களைச் சட்டை செய்யவில்லை. ஆனால் காளைச் சுறாவுக்குக் கலங்கிய நீர் தடையே அல்ல. மழைக்குப் பின் ஆற்று முகத்தில் அது இரை தேடும். கண் தெரியாத இடத்தில், இரையின் தசை அசைவு எழுப்பும் நுண்ணிய மின்சாரத்தை மூக்கருகே உள்ள துளைகளால் உணரும். அந்த நேரத்தில் அங்கே இறங்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு. இதைச் சொல்ல நான்கு வரி போதும்.

மாறாக, எவரையும் கொல்லாத கிரே நர்ஸ் சுறா அந்த வலைகளில் சிக்குகிறது. 1984இல் இதே மாநிலம் சட்டம் போட்டுக் காத்த இனம் அது! ஓர் ஈற்றில் அதிகம் போனால் இரண்டு குட்டி, அதுவும் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஒரு கையால் காப்பாற்றி மறு கையால் கொல்வதற்கு மக்கள் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள். அந்த மக்களிடம் உண்மையைக்கூட நீங்கள் சொல்லவில்லை.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பலகைதான். வலை வேலி அல்ல. மழைக்குப் பின்னும், விடியலிலும், அந்தியிலும், மீன்கூட்டம் துள்ளும் இடத்திலும் இறங்க வேண்டாம். ஆங்கிலத்தோடு தமிழ், சீனம், அரபு, வியட்நாமிய மொழிகளிலும் எழுதுங்கள். செப்டம்பரில் வலைகள் மறுபடி இறங்குமுன், வலை போடும் 51 கடற்கரைகளிலும் இதைச் செய்து தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிட்னிவாழ் தமிழர் ஒருவர்