வெந்தயத்துக்கு உரிய உயிர் உரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி விதைப்பு நெருங்கும் வேளையில், கீரைக்காக அல்லாமல் விதைக்காக வெந்தயம் பயிரிடுவோரின் கோரிக்கை ஒன்றைத் தங்கள் இதழ் வாயிலாக வேளாண்மைத் துறையின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

கீரைக்கு விதைத்த வெந்தயம் ஒரு மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும். விதைக்கென்றால் காய் முற்றும்வரை ஏறத்தாழ மூன்று மாதம் வயலில் நிற்க வேண்டும். அத்தனை நாளும் பயிரை அச்சுறுத்துவது, மண்ணில் தங்கியிருக்கும் ரைசோக்டோனியா பூஞ்சாணத்தால் வரும் வேர் அழுகல். செடி வாடிய பின் மருந்து ஊற்றி அதைக் காப்பாற்றுவது அரிது என்பதால், கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் உயிரியல் மருந்து கலந்து விதைக்கவும், எக்டருக்கு 150 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடவும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. டிரைக்கோடெர்மா, நோய்ப் பூஞ்சாணத்தின் இழைகளைச் சுற்றிப் படர்ந்து, அவற்றின் சுவரைக் கரைத்து அழிக்கிறது. அதுவும் ஒரு பூஞ்சாணமே என்பதால், அதே விதையில் கார்பன்டாசிம் போன்ற ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியையும் கலந்தால் டிரைக்கோடெர்மாவுக்குச் செய்த செலவு வீண். இதை விற்பவர்கள் சொல்வதில்லை.

ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் உர விஷயத்தில் குறை இன்னும் பெரிது. வெந்தயத்தின் வேரில் முடிச்சிட்டுக் காற்றின் தழைச்சத்தை ஈர்த்துத் தருவது, குதிரை மசாலுக்கு உதவும் மெலிலோட்டி என்னும் ரைசோபிய இனம். நிலக்கடலைக்கும் உளுந்துக்கும் உரியது வேறு. ஆயினும் கடைகளில் வெந்தயத்துக்கென்று கேட்டால் நிலக்கடலைப் பொட்டலத்தைத்தான் நீட்டுகிறார்கள். அதுவும் வெயில் படும் அலமாரியிலிருந்து. ஆறிய கஞ்சியில் குழைத்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி எவ்வளவு கவனமாக விதைத்தாலும், இனம் மாறிய நுண்ணுயிரும் வெப்பத்தில் செத்த நுண்ணுயிரும் முடிச்சிடப் போவதில்லை. பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டியெடுத்து முடிச்சைக் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் அது வேலை செய்யவில்லை என்று பொருள்.

ஆகவே, வெந்தயத்துக்கு உரிய ரைசோபியத்தை அரசு உயிர் உர ஆய்வகங்கள் தனியே தயாரித்து, பயிரின் பெயரும் காலாவதி நாளும் தமிழில் தெளிவாக அச்சிட்டு, கால் ஏக்கர் விதைப்பவரும் வாங்கத்தக்க சிறு பொட்டலங்களாக, குளிர்ந்த இடத்தில் வைத்து வேளாண் விரிவாக்க மையங்கள் வழியே வழங்க வேண்டுகிறேன். விதைப்புக்கு இரண்டு வாரம் முன்னதாகவே அவை மையங்களுக்கு வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
வெந்தய விவசாயி ஒருவர்,
கோவை மாவட்டம்.