பக்கத்துத் தெருவுக்கும் ஒரு மூலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாசகர் புகைப்படப் பக்கத்தை வாராவாரம் பார்க்கிறேன். பனிமலை, புலி, அருவி. அழகுதான், சரி. ஆனால் எடுத்தவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் எடுத்த படம் ஒன்றுகூட வந்ததாக எனக்கு நினைவில்லை.

கேமராவில் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய படம், 1827 வாக்கில் புகைப்படக் கலையின் முன்னோடியான பிரெஞ்சுக்காரர் நீப்ஸ் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. கூரைகள், கொஞ்சம் வானம், அவ்வளவே. 1838-இல் இன்னொரு முன்னோடியான டாகேர் எடுத்த பாரிஸ் வீதிப் படம் பதிவாகப் பல நிமிடம் பிடித்ததால், ஓடிய வண்டிகளும் நடந்தவர்களும் காணாமல் போய்விட்டார்கள். காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள நின்ற ஒருவர் மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறார்!

ஓய்வுபெற்ற பிறகு 35 மி.மீ. லென்ஸ் ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு காலையில் தெருவைச் சுற்றுகிறேன். ஜூம் கிடையாது. கிட்டே போய்த்தான் ஆகவேண்டும், போனால் பேசித்தான் ஆகவேண்டும். போன வாரம் ஒரு பெரியவர் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுப் பக்கத்தில் குந்தினேன். குமிழி கிளம்பிய இடத்தைக் அவர் கட்டைவிரல் அடைத்த கணத்தில் கேமரா பொத்தானை அழுத்தினேன். “இதையெல்லாமா எடுப்பீங்க?” என்று சிரித்தார். பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அப்புறம் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அவரே காட்டுகிறார். (லென்ஸில் தெறித்த அழுக்குத் தண்ணீரைத் துடைத்த கதை வேறு.)

புலிக்குப் பக்கத்தில் இப்படி ஒரு படத்துக்கும் மாதம் ஒருமுறையாவது இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்